வானொலிப் பெருக்கிக்கு ஒரு குயவர் சக்கரம்



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைத் தாமிரபரணிக் கரையில் வாழ்வோர் எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி. ஆறு கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக் கொண்டனர். பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்து போயின.

இத்தகைய நேரத்தில் கோபுரமோ, கம்பியோ, செயற்கைக்கோளோ இல்லாமல் செய்தி அனுப்ப வழி உண்டா? உண்டு. ஒரு கார் மின்கலம், ஒரு சிறிய அலைபரப்பி, இரண்டு பனை மரங்களுக்கு இடையே கட்டிய 20 மீட்டர் கம்பி ஆகியவை போதும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நெல்லையிலிருந்து சென்னையை எட்டிவிடும். இவ்வாறு வானொலியைப் பொழுதுபோக்காகவும் பொதுத்தொண்டாகவும் கொண்டவர்களையே ‘ஹாம்கள்’ என்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த இந்திய ஹாம் குழு ஒன்று அந்தமானின் செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பி உதவியது.

ஹாம்களின் அலைபரப்பிகள் பெரும்பாலும் 100 வாட் ஆற்றல் உடையவை. இடிமின்னலின் இரைச்சல் மிகுந்த நாட்களில் அது போதாமல் போகலாம். அப்போது ஒரு பெருக்கியை இடையில் இணைப்பார்கள். இந்தப் பெருக்கிகள் பலவற்றில் இன்றும் வெற்றிடக் குழல்கள், அதாவது ‘வால்வு’கள், பயன்படுகின்றன. அலைபரப்பியையும் குழலையும் இணைக்கும் இடத்தில் ஒரு சிறிய சுற்று உண்டு. அதற்கு உள்ளீட்டுப் பொருத்தச் சுற்று என்று பெயர். பல வகைச் சுற்றுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் என்பதே இன்றைய பாடம்.

பொருத்தம் என்றால் என்ன?

முதலில் ஒரு சோதனை. இரண்டு டார்ச் மின்கலங்களைத் தொடராக வைத்து 3 வோல்ட் எடுத்துக் கொள்ளுங்கள். அதோடு 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணையுங்கள். இதுவே நம் ‘மின்மூலம்’. இதன் முனைகளுக்கிடையே வெவ்வேறு மின்தடைகளைச் சுமையாக இணைத்து, ஒவ்வொரு முறையும் சுமையின் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்து கொள்ளுங்கள். மின்னழுத்தத்தின் இருபடியைச் சுமையின் மின்தடையால் வகுத்தால் சுமை பெறும் ஆற்றல் கிடைக்கும். உங்கள் விடைகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

22 ஓம் – 13.3 மில்லிவாட்
47 ஓம் – 19.6 மில்லிவாட்
100 ஓம் – 22.5 மில்லிவாட்
220 ஓம் – 19.3 மில்லிவாட்
470 ஓம் – 13.0 மில்லிவாட்

சுமையும் மின்மூலத்தின் உள்தடையும் சமமாக இருக்கும்போது ஆற்றல் உச்சத்தை அடைகிறது. சுமை குறைந்தாலும் இழப்பு, கூடினாலும் இழப்பு. இந்தச் சம நிலையையே பொருத்தம் என்கிறோம்.

இதைக் காதால் கேட்க வேண்டுமா? சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சிக்கு வாருங்கள். நாகஸ்வர மேதை அருணாசலம் பிறந்த ஊர். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஒலிக்கும் நாகஸ்வரம் அவருடையதே. நாகஸ்வரத்தின் அடியில் ஊமத்தம் பூப்போல விரிந்த ஓர் உறுப்பு உண்டல்லவா? அதன் பெயர் அணசு. குறுகிய குழாயினுள் இருக்கும் காற்றுக்கும் வெளியே பரந்து கிடக்கும் காற்றுக்கும் இயல்பு வேறு. குழாய் திடீரென்று முடிந்தால் ஒலியின் பெரும்பகுதி உள்ளேயே திரும்பிவிடும். அணசு படிப்படியாக விரிவதால் ஒலி எளிதாக வெளியேறுகிறது. எல்லாத் துளைகளையும் மூடி ஊதும்போது இதன் பயன் நன்கு புலப்படும். குழாய்க்கும் வெளிக்காற்றுக்கும் இடையே அணசு ஒரு தரகர் எனலாம். அலைபரப்பிக்கும் குழலுக்கும் இடையே பொருத்தச் சுற்று செய்வதும் இத்தகைய வேலையே.

குழலின் உள்ளே

மூன்று முனைகள் கொண்ட வெற்றிடக் குழலை நினைவுபடுத்திக் கொள்வோம். சூடான கேத்தோடு எலெக்ட்ரான்களை வெளியிடுகிறது. பல நூறு அல்லது சில ஆயிரம் வோல்ட் நேர்மின்னழுத்தமுள்ள ஆனோடு அவற்றை இழுக்கிறது. இடையிலுள்ள கம்பிவலையான கிரிட், மதகின் கதவுபோல அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

ஹாம் பெருக்கிகளில் கிரிட்டைப் புவியோடு இணைத்துவிட்டு, உள்ளே வரும் அலையைக் கேத்தோடுக்குக் கொடுப்பது பெருவழக்கு. புவியோடு இணைந்த கிரிட் ஒரு திரைபோல நின்று, ஆனோடிலிருந்து ஆற்றல் கேத்தோடுக்குத் திரும்பி வராமல் தடுக்கிறது. அதனால் பெருக்கி தானே ஊளையிடத் தொடங்குவதில்லை. கேத்தோடின் மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் போகும்போது எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. நேர்ப்பக்கம் வரும்போது ஓட்டம் நின்றுவிடுகிறது.

3-500-இசட் என்பது உலகெங்கும் ஹாம்கள் நன்கு அறிந்த குழல். இவ்வாறு இணைக்கும்போது அதன் உள்ளீட்டு மின்னெதிர்ப்பு சுமார் 110 ஓம். அலைபரப்பி எதிர்பார்ப்பதோ 50 ஓம். நேரடியாக இணைத்தால் என்ன ஆகும்? 110க்கும் 50க்கும் உள்ள விகிதம் 2.2. நம் சோதனையில் 100 ஓம் மூலத்தோடு 220 ஓம் சுமையை இணைத்தோம், அதுவும் 2.2 மடங்கே! அப்போது ஆற்றல் 22.5லிருந்து 19.3 ஆகக் குறைந்தது. அதாவது 14 விழுக்காடு குறைவு. 50 வாட் அனுப்பினால் 7 வாட் திரும்பி வரும்.

‘ஏழு வாட் தானே, போகட்டும்’ என்று நினைக்கிறீர்களா? இழப்பு சிறிதுதான். ஆனால் இன்றைய டிரான்சிஸ்டர் அலைபரப்பிகளில் ஒரு காவல் சுற்று உள்ளது. பொருத்தமின்மை ஏறத்தாழ 2 மடங்கைத் தாண்டினால், டிரான்சிஸ்டர்கள் கருகாமல் காக்க அது ஆற்றலைத் தானே குறைத்துவிடும். பழைய வால்வு அலைபரப்பிகளில் பொருத்தத்தைக் கையால் திருகிச் சரிசெய்யும் வசதி இருந்தது. அதனால் அன்று பெரிதாகத் தெரியாத தொல்லை இன்று பெரிதாகத் தெரிகிறது.

ஒரு புதிர்

இப்போது ஒரு கேள்வி. இரண்டு 3-500-இசட் குழல்களை இணையாக இணைத்தால் மின்னெதிர்ப்பு பாதியாகும். அதாவது 55 ஓம். இது 50க்கு மிக அருகில் இருக்கிறது. அப்படியானால் பொருத்தச் சுற்றே வேண்டாமல்லவா?

ஆனால் 1970களில் புகழ்பெற்ற ஹீத்கிட் நிறுவனத்தின் எஸ்.பி.-220 என்ற பெருக்கியைத் திறந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். அதில் இரண்டு 3-500-இசட் குழல்களே உள்ளன. ஆயினும் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனியாக ஒரு பொருத்தச் சுற்றை அமைத்திருக்கிறார்கள். 55ஐ 50 ஆக மாற்றவா இவ்வளவு செலவு?

விடை ‘55 ஓம்’ என்ற எண்ணிலேயே ஒளிந்திருக்கிறது. குழலில் மின்னோட்டம் ஒவ்வோர் அலையிலும் ஏறத்தாழப் பாதி நேரமே பாய்கிறது என்று கண்டோம். எளிமையாகக் கணக்கிட்டால், பாயும் பாதியில் இரு குழல்களும் சேர்ந்து சுமார் 27 ஓம் சுமையாகத் தெரியும். அடுத்த பாதியில் சுமையே இல்லை, மின்னெதிர்ப்பு முடிவிலி! முழு அலைக்கும் சேர்த்துப் பார்த்தால்தான் 55 ஓம் வருகிறது. எந்தக் கணத்திலும் குழல் 55 ஓமாக இருப்பதே இல்லை.

7.1 மெகாஹெர்ட்ஸ் அலையில் இந்த மதகு ஒரு விநாடியில் 71 லட்சம் முறை திறந்து மூடுகிறது. திறந்திருக்கும்போது அலைபரப்பி பெருஞ்சுமையைத் தாங்க வேண்டும். மூடியிருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. இதனால் அலையின் ஒரு பாதி அமுங்கியும் மறு பாதி உப்பியும் போகும். வடிவம் கெட்ட அலை பேச்சையும் கெடுக்கும்; பக்கத்து அதிர்வெண்களில் பேசுவோருக்கும் தொல்லை தரும். வெள்ள நாளில் ஓர் ஊரின் பெயர் தவறாகக் கேட்டால் படகு வேறிடத்துக்கு அல்லவா போய்விடும்!

சக்கரம் தரும் விடை

மீண்டும் காருகுறிச்சிக்கே போவோம். இவ்வூர் மண்பாண்டத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. பழைய முறையில் குயவர் ஒரு கோலால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பிறகு கோலை வைத்துவிட்டுப் பானை வனைவார். அவர் தள்ளுவது சில விநாடிகளே. ஆனால் சக்கரமோ ஒரே சீராகச் சுழல்கிறது. கை களிமண்ணை அழுத்தும்போதும் அழுத்தாதபோதும் வேகம் திடீரென்று மாறுவதில்லை. கனமான சக்கரம் ஆற்றலைச் சேமித்து வைத்து, வேண்டும்போது தருகிறது.

மின்சுற்றில் இந்தச் சக்கரத்தின் வேலையைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து செய்கின்றன. ஆற்றல் சுருளின் காந்தப் புலத்துக்கும் தேக்கியின் மின்புலத்துக்கும் இடையே மாறி மாறி ஊசலாடுகிறது. மதகு திறக்கும்போது சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொடுக்கிறது. மூடும்போது அலைபரப்பியிடமிருந்து பெற்று நிரப்பிக் கொள்கிறது. ஆகவே அலைபரப்பிக்குச் சுமை எப்போதும் ஒரே சீராகத் தெரிகிறது.

எவ்வளவு சேமிக்கிறது என்பதைத் தரக்காரணி என்ற எண் காட்டும். தரக்காரணி 2 என்றால், ஓர் அலையில் குழல் எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேமிப்பில் இருக்கும். இதுவே நம் வேலைக்குப் போதுமானது. தரக்காரணியை மிகவும் கூட்டினால், அதிர்வெண் சற்று விலகினாலும் பொருத்தம் குலைந்துவிடும். சுருளில் சுற்றும் மின்னோட்டமும் மிகுந்து ஆற்றல் வெப்பமாகும். சக்கரம் அளவுக்கு மீறிக் கனத்தால் குயவருக்கும் தொல்லைதானே!

ஆகவே நல்ல பொருத்தச் சுற்றுக்கு இரண்டு கடமைகள்: ஓம் கணக்கை மாற்ற வேண்டும், ஆற்றலைச் சேமித்துச் சீராக்கவும் வேண்டும். முதலாவது அணசின் வேலை. இரண்டாவது சக்கரத்தின் வேலை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த இரண்டு கடமைகளையும் உரைகல்லாகக் கொண்டு ஒவ்வொரு முறையையும் உரசிப் பார்ப்போம்.

1. மின்தடைச் சுமை: நம் நாட்டு மூத்த ஹாம்களுக்குப் பழக்கமான 807 போன்ற குழல்களில் அலையைக் கிரிட்டுக்கே கொடுப்பது உண்டு. அளவாக இயக்கினால் கிரிட் மின்னோட்டம் எடுப்பதில்லை. ஆகவே அதன் குறுக்கே 50 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் போதும். சுமை மாறாது, எல்லா அலைவரிசைகளுக்கும் அதுவே பயன்படும். ஆனால் அனுப்பிய ஆற்றல் முழுவதும் அந்தத் தடையில் வெப்பமாகிவிடும். கேத்தோடு வழியில் கொடுக்கும்போதோ உள்ளீட்டு ஆற்றலின் பெரும்பகுதி வெளியீட்டோடு சேர்ந்து வான்கம்பிக்குப் போகிறது.

2. ஃபெரைட் வளைய மின்மாற்றி: 110 ஓமை 50 ஓமாக்க மின்னெதிர்ப்பு விகிதம் 2.2 வேண்டும். சுற்றுகளின் விகிதம் அதன் இருபடி மூலம், அதாவது ஏறத்தாழ 1.5. மூன்றுக்கு இரண்டு என்று சுற்றினால் சரியாகும். இதுவும் எல்லா அலைவரிசைகளுக்கும் ஏற்றது. ஆனால் இதில் சேமிப்பு இல்லை. அணசு உண்டு, சக்கரம் இல்லை.

3. எல் சுற்று: ஒரு சுருள், ஒரு மின்தேக்கி. எளிது, மலிவு. ஆனால் இதன் தரக்காரணியை நாம் விரும்பியபடி வைக்க முடியாது. இரு மின்னெதிர்ப்புகளின் விகிதமே அதை முடிவு செய்துவிடும். 110க்கும் 50க்கும் அது 1.1 தான். 55க்கும் 50க்குமோ வெறும் 0.3. சக்கரம் காகிதத்தால் ஆனது போலாகிவிடும்.

4. பை சுற்று: இரு பக்கமும் மின்தேக்கிகள், நடுவே சுருள். கிரேக்க எழுத்தான ‘பை’யின் வடிவம் கொண்டதால் இப்பெயர். இதில் தரக்காரணியை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனிச் சுற்றும், அவற்றை மாற்றும் சுவிட்சும் தேவை என்பதே இதன் குறை.

கேத்தோடு வழியில் இயங்கும் குழலுக்கு இரண்டு கடமைகளையும் நிறைவாகச் செய்வது பை சுற்றே. ஹீத்கிட் பொறியாளர்கள் ஏன் செலவுக்குத் தயங்கவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கணக்கிட்டுப் பார்ப்போம்

முதலில் எல் சுற்று எப்படி ஓமை மாற்றுகிறது என்று காண்போம். 110 ஓம் தடைக்கு இணையாக 100 ஓம் மின்மறுப்புள்ள தேக்கியை இணைத்தால், வெளியிலிருந்து பார்க்கும்போது அது 50 ஓம் தடையும் 55 ஓம் தேக்கி மறுப்பும் தொடராக இருப்பதுபோலத் தோன்றும். தொடராக 55 ஓம் மறுப்புள்ள சுருளைச் சேர்த்தால் இரு மறுப்புகளும் ஒன்றையொன்று நீக்கிவிடும். எஞ்சுவது 50 ஓம் மட்டுமே.

பை சுற்று என்பது முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு எல் சுற்றுகள். நடுவில் ஒரு கற்பனைத் தடை இருப்பதாகக் கொள்வோம். முதலில் 110 ஓமை அந்தச் சிறிய தடைக்கு இறக்குகிறோம். பிறகு அதை 50 ஓமுக்கு ஏற்றுகிறோம். நேர்வழி இருக்கச் சுற்றுவழி ஏன் என்று கேட்பீர்கள். அந்தச் சுற்றுவழியில்தான் ஆற்றல் சேமிக்கப்படுகிறது.

ஒரு குழல், 110 ஓம், 7.1 மெகாஹெர்ட்ஸ், குழல் பக்கத்துத் தரக்காரணி 2 என்று எடுத்துக் கொள்வோம்.

கற்பனைத் தடை = 110 ÷ (1 + 2 × 2) = 22 ஓம்.
அலைபரப்பிப் பக்கத்துத் தரக்காரணி = (50 ÷ 22 – 1) இன் இருபடி மூலம் = 1.13.
குழல் பக்கத் தேக்கியின் மறுப்பு = 110 ÷ 2 = 55 ஓம்.
அலைபரப்பிப் பக்கத் தேக்கியின் மறுப்பு = 50 ÷ 1.13 = சுமார் 44.3 ஓம்.
சுருளின் மறுப்பு = 22 × (2 + 1.13) = சுமார் 68.8 ஓம்.

மறுப்பிலிருந்து உண்மையான அளவுகளைக் காண்பது உங்கள் இயற்பியல் பாடத்தில் உள்ளதே. 2 × 3.14 × அதிர்வெண் என்பது இங்கே 446 லட்சம். இதைக் கொண்டு கணக்கிட்டால் குழல் பக்கத் தேக்கி 408 பிக்கோ ஃபாரட், அலைபரப்பிப் பக்கத் தேக்கி 506 பிக்கோ ஃபாரட், சுருள் 1.54 மைக்ரோ ஹென்றி. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில், 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்பதரைச் சுற்றுகள் சுற்றினால் இந்தச் சுருள் கிடைத்துவிடும். நம் சக்கரத்தின் கனம் இவ்வளவுதான்!

தேக்கிகள் சில்வர் மைக்கா வகையாக இருந்தால் சூட்டில் அளவு மாறாது. மேலும் இந்தச் சுற்றைக் குழலின் அருகிலேயே வைக்க வேண்டும். இடையிலுள்ள வடத்தின் நீளத்தைச் சிறிது மாற்றியதும் அளவீடுகள் வெகுவாக மாறினால், பொருத்தம் சரியில்லை என்பதற்கு அதுவே அறிகுறி.

ஓர் எச்சரிக்கை

குழல் பெருக்கியில் 2000, 3000 வோல்ட் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஆகவே அதன் மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. மின்கலச் சோதனையையும் காகிதக் கணக்கையும் மட்டும் செய்யுங்கள். அலைபரப்புவதற்கு உரிமம் தேவை. அதற்கான தேர்வை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. பள்ளி மாணவர்களும் அதை எழுதலாம். ஆற்றலுக்கும் அரசு எல்லை வகுத்துள்ளது. வேலை முடியும் அளவுக்கு மேல் ஆற்றலைப் பயன்படுத்தாமல் இருப்பது ஹாம்களின் நல்வழக்கம். 100 வாட்டை 400 ஆக்கினாலும், கேட்பவரின் குறிமுள் ஒரே ஒரு படிதான் ஏறும். நல்ல வான்கம்பியும் தெளிவான அலையும் அதைவிடப் பயன் தரும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. இரண்டு குழல்கள், 55 ஓம், 7.1 மெகாஹெர்ட்ஸ், குழல் பக்கத்துத் தரக்காரணி 2. பை சுற்றின் மூன்று அளவுகளையும் காண்க.

2. எங்கள் மின்கலச் சோதனையில் சுமை 300 ஓம் ஆனால், அது பெறும் ஆற்றல் உச்ச ஆற்றலில் எத்தனை விழுக்காடு?

விடைகள்: (1) குழல் பக்கம் சுமார் 815 பிக்கோ ஃபாரட், அலைபரப்பிப் பக்கம் சுமார் 844 பிக்கோ ஃபாரட், சுருள் சுமார் 0.96 மைக்ரோ ஹென்றி. இரு பக்கத் தேக்கிகளும் ஏறத்தாழச் சமமாக வந்ததைக் கவனியுங்கள். ஓம் மாற்றம் இங்கே மிகச் சிறிது, சேமிப்பே முதன்மை. (2) 75 விழுக்காடு.